ஆளும் ரயிலும் ஒரே கடனில்: 1870-இல் நியூசிலாந்து போட்ட கணக்கு

1870 ஜூன் 28 அன்று நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் ஜூலியஸ் வோகல் எழுந்து பட்ஜெட் படித்தார். அடுத்த பத்து வருஷத்தில் 1 கோடி பவுண்டு செலவழிக்கப் போகிறோம், அதில் பெரும்பகுதி லண்டனில் கடன் வாங்கி வரப்போவது என்றார். அப்போது அங்கே இருந்த வெள்ளையர் தொகை வெறும் இரண்டரை லட்சம். வகுத்துப் பார்த்தால் கைக்குழந்தை உட்பட தலைக்கு 40 பவுண்டு. இங்கிலாந்தில் ஒரு பண்ணைக் கூலி வருஷம் முழுக்க உழைத்தாலும் அந்தத் தொகை கைக்கு வராது. சபையில் பாதிப் பேருக்கு மூச்சே நின்றிருக்கும்.

எதற்கு இந்தக் கடன் என்பதுதான் விஷயமே. ரயில் போட, சாலை போட, கூடவே ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வர. தண்டவாளம் வாங்குவதும் மனிதர்களை வரவழைப்பதும் ஒரே சட்டத்தில், ஒரே கணக்கில். அந்த ஆண்டே நிறைவேறிய சட்டத்தின் பெயரும் அப்படித்தான்: குடியேற்ற, பொதுப்பணிச் சட்டம்.

இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வேறு வழி இல்லாத நிலையிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1861-இல் தெற்குத் தீவின் ஒட்டாகோ மாகாணத்தில் தங்கம் கிடைத்து ஊரே கொழித்தது, 1860-களின் கடைசியில் அந்த ஊற்று வற்றத் தொடங்கியது, தங்கம் தேடி வந்தவன் அடுத்த ஊருக்குப் போய்விட்டான், கம்பளி விலையும் இறங்கிவிட்டது. வடக்குத் தீவில் பத்து வருஷமாக அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளோடு போர். அந்தப் போருக்கு வந்த பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவும் 1870 தொடக்கத்தில் கப்பலேறிவிட்டது. உங்கள் சண்டையை இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது லண்டனின் முடிவு. போகிற போக்கில் ஓர் ஆறுதல் மாதிரி, சாலைக்கும் குடியேற்றத்துக்கும் 10 லட்சம் பவுண்டு கடனுக்கு பிரிட்டிஷ் அரசு ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டது.

அப்புறம் மாகாணங்கள். அன்று நியூசிலாந்தில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி சபை, தனிக் கடன், தனி ரயில் கனவு. தெற்குக் கோடியில் இருந்த சவுத்லேண்ட் மாகாணம் இரும்புக்குப் பதிலாக மரத்திலேயே தண்டவாளம் போட்டால் செலவு மிச்சம் என்று நினைத்து, இன்வர்கார்கில் நகரிலிருந்து 1864-இல் ஒரு ரயிலை ஓட்டியும் பார்த்தது. மழையில் ஊறிய மரத்தில் சக்கரம் வழுக்கியது, மரமும் தேய்ந்தது. கடைசியில் மாகாணமே திவாலாகி 1870-இல் ஒட்டாகோவோடு ஒட்டிக்கொண்டது. மாகாணங்கள் தனித்தனியாகக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வோகல் வேறு உதாரணம் தேடவே வேண்டியதில்லை.

வோகல் யார் என்று ஒரு வார்த்தை. லண்டனில் பிறந்த யூதர், பதினேழு வயதில் ஆஸ்திரேலியத் தங்க வயலுக்குப் போனவர், அங்கே பத்திரிகைக்காரரானவர், 1861-இல் ஒட்டாகோவின் தலைநகரான டனிடன் வந்து நாட்டின் முதல் தினசரியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். சூதாட்டக்காரர் என்று அவரைத் திட்டாதவர்கள் குறைவு, அந்தத் திட்டில் பல நேரம் அவருடைய மதத்தைப் பற்றிய இளக்காரமும் கலந்திருந்தது. ஆனால் அவர் போட்ட கணக்கை நிதானமாகப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

கணக்கு இப்படி: கடன் வாங்கி ஆட்களை அழைத்து வருவது. வந்தவர்கள் ரயில் பாதையில் கூலி வேலை செய்வார்கள், அதனால் வந்த கையோடு பட்டினி கிடக்க மாட்டார்கள். பாதை போனதும் அதுவரை யாரும் சீண்டாத காட்டுக்கும் மேட்டுக்கும் விலை ஏறும். அந்த நிலத்தில் ஒரு பங்கை அரசே பிடித்து வைத்திருந்து, ஏறிய விலைக்கு விற்று, கடனை அடைக்கும். கூலி வேலை முடிந்தவர்கள் அதே நிலத்தை வாங்கி விவசாயி ஆவார்கள், அவர்கள் விளைவிப்பது அதே ரயிலில் துறைமுகத்துக்குப் போகும், சரக்குக் கட்டணத்தில் வட்டி வந்துவிடும். பைபாஸ் சாலை வருகிறது என்று தெரிந்ததும் பக்கத்தில் பிளாட் வாங்கிப் போடுகிற ஆளின் மூளைதான் இது, அரசாங்க அளவில்.

ஆனால் இந்தச் சக்கரத்தில் ஒரு ஆரம் முதல் வருஷமே கழன்றுவிட்டது. நில விற்பனைப் பணம் மாகாணங்களுக்குப் போக வேண்டும் என்று 1856-லேயே ஓர் உடன்படிக்கை இருந்தது. பாதையோரத்து நிலத்தைக் கடனுக்கு ஈடாக மைய அரசுக்கு ஒதுக்குங்கள் என்றால் எந்த மாகாணம் கொடுக்கும்? குறிப்பாகக் கேன்டர்பரி. அங்கே ஏக்கருக்கு 2 பவுண்டு என்று விலை வைத்து விற்று, கஜானா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் மாகாண ஆட்கள், அவர்கள் ஓட்டு இல்லாமல் எதுவும் நகராது. ஆகவே வோகல் நிலத்தை விட்டுக்கொடுத்தார், ரயிலையும் ஆட்களையும் வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் தலையெழுத்து எழுதப்பட்டது இந்த இடத்தில்தான். வட்டி மைய அரசின் தலையில், விலை ஏறிய நிலத்தின் லாபம் மாகாணங்களிடமும் முன்கூட்டியே வாங்கிப்போட்ட ஆட்டுப்பண்ணை முதலாளிகளிடமும். மைய அரசின் முக்கிய வருமானம் சுங்க வரி, அதாவது தேயிலைக்கும் சர்க்கரைக்கும் துணிக்கும் எல்லாரும் கட்டுகிற காசு.

சரி, ரயிலுக்கு வருவோம். 1870-இல் நாடு முழுக்க இருந்த ரயில் பாதை 74 கிலோமீட்டர்தான். அந்தத் துண்டு துக்காணியிலும் கேன்டர்பரியில் ஓர் அகலம், சவுத்லேண்டில் இன்னோர் அகலம். அதே ஆண்டு வந்த ரயில்வே சட்டம் நாடு முழுக்க ஒரே அகலம் என்று வைத்தது: மூன்றரை அடி, அதாவது 1067 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜை விட ஒரு கைவிரல் நீளம்தான் கூடுதல். மலையும் பள்ளத்தாக்குமான நாட்டில் குறுகிய பாதை என்றால் வளைவைச் சிறிதாகப் போடலாம், சுரங்கத்தைச் சிறிதாகக் குடையலாம், எல்லாம் மலிவு. வேகம் வராது, கனமான இன்ஜின் தாங்காது, அதைப் பற்றி அன்று யாருக்கும் கவலையில்லை. 1880-க்குள் 2,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாதை வந்துவிட்டது. பத்து வருஷத்தில், இயந்திரம் அதிகம் இல்லாத காலத்தில், மண்வெட்டியும் கடப்பாரையும் தள்ளுவண்டியும் வைத்து. கிறைஸ்ட்சர்ச்சையும் டனிடனையும் இணைத்த பாதை 1878-இல் திறந்தது. அதே ஆண்டு வெலிங்டனுக்கு வடக்கே ரிமுடாக்கா மலை மேல் ஏறும் பாதையும் திறந்தது. 15 அடிக்கு 1 அடி என்று செங்குத்தாக ஏறுகிற சரிவு அது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து ஏறுகிற தனி ரக இன்ஜின்களை வைத்து 1955 வரை ஓட்டினார்கள்.

பாதை எங்கே போவது என்பதில் பொறியாளர் சொல்வதை விட உறுப்பினர் சொல்வது நடந்தது. எங்கள் ஊருக்கு ஒரு கிளைப்பாதை, இல்லாவிட்டால் உங்கள் கடன் மசோதாவுக்கு ஓட்டு இல்லை. ஆகவே முதலில் முதுகெலும்பு, பிறகு விலா என்று போக வேண்டியது தலைகீழாகப் போனது. துறைமுகத்திலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் போய் நிற்கிற குட்டிப் பாதைகள் எங்கும் முளைத்தன. (எம்.எல்.ஏ.வின் ஊருக்கு மட்டும் பாலம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ஆக்லாந்தையும் வெலிங்டனையும் இணைக்கும் வடக்குத் தீவின் முதுகெலும்புப் பாதை முடிய 1908 ஆகிவிட்டது. அதற்கு அரசியல் மட்டும் காரணமில்லை, நடுவில் இருந்த நிலம் மாவோரி மன்னருடைய ஆட்களின் கையில் இருந்தது, 1880-கள் வரை அளவைக்காரன்கூட உள்ளே நுழைய முடியாது.

இத்தனை வேலைக்கு ஆள்? முதலில் எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் பிராக்டன் கம்பெனி பாதையும் போடும், அதற்கான ஆட்களையும் தானே கொண்டு வரும் என்று ஏற்பாடு. 1872, 73-இல் பெண்கள் குழந்தைகள் உட்பட சுமார் 2,000 பேரைக் கொண்டும் வந்தது. ஆட்களிடம் கப்பல் கட்டணத்துக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷம் எங்களிடமே வேலை பார்க்க வேண்டும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம். கரையில் இறங்கிய மண்வெட்டிக்காரர் அக்கம்பக்கம் விசாரித்தார். வெளியில் கூலி அதிகம் என்று தெரிந்தது. அடுத்த வாரம் ஆளைக் காணோம். புரோநோட்டை வைத்துக்கொண்டு கம்பெனி கோர்ட் கோர்ட்டாக ஏறியது, வசூலானது சொற்பம். ஆள் பஞ்சம் உள்ள ஊரில் கடன் பத்திரத்தைக் காட்டி ஆளைக் கட்டி வைக்க முடியாது என்பதைப் பிராக்டன் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. அதற்கப்புறம் வேலையைச் சிறு சிறு உள்ளூர் காண்ட்ராக்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

குடியேற்றம் முதல் இரண்டு மூன்று வருஷம் சொதப்பல்தான். லண்டனில் ஏஜென்ட் ஜெனரல் என்ற பதவியை உருவாக்கி ஐசக் ஃபெதர்ஸ்டனை உட்கார வைத்தார்கள், அவர் ஒரு பழைய வெலிங்டன் தலைவர், நோயாளி, பொறுமையாக வேலை செய்பவர். அவர் விற்க வேண்டிய சரக்கு லேசானதல்ல. அமெரிக்காவுக்கு நீராவிக் கப்பலில் இரண்டு வாரத்தில் போய்விடலாம், டிக்கெட்டும் மலிவு, பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். நியூசிலாந்துக்குப் பாய்க்கப்பலில் மூன்று மாதம், போனால் போனதுதான். அதற்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை வேறு கட்டு என்றால் எவன் வருவான்? 1873-இல் அரசு இறங்கி வந்து கட்டணமே வேண்டாம் என்று அறிவித்தது. அங்கே ஏற்கனவே குடியேறியவர்கள் தங்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் பெயரைக் கொடுத்து அவர்களையும் இலவசமாக வரவழைக்கலாம்.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதி இங்கிலாந்துப் பண்ணைகளின் கதை. 1872-இல் ஜோசப் ஆர்ச் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் முதன்முறையாக நாடு தழுவிய சங்கம் அமைத்திருந்தார்கள். 1874 வசந்தத்தில் சஃபோக் பக்கத்துக் கூலிகள் வாரக் கூலியை 13 ஷில்லிங்கிலிருந்து 14 ஆக்குங்கள் என்று கேட்டார்கள். ஒரே ஒரு ஷில்லிங். பண்ணைக்காரர்கள் கதவை இழுத்து மூடினார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் வேலையின்றி நின்றார்கள், சங்கத்தின் பணம் தீர்ந்தது, சங்கம் தோற்றது. தோற்ற இடத்தில் நியூசிலாந்தின் ஏஜென்ட் இலவச டிக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். சங்கத்தின் ஆக்ஸ்போர்டுஷயர் தலைவர் கிறிஸ்டோபர் ஹாலோவே அதற்கு முன்பே ஒரு கப்பல் நிறையத் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போய் நிலவரத்தை நேரில் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் நல்லபடியாகச் சொன்னது அரசு அடித்த ஆயிரம் துண்டறிக்கையை விடப் பலித்திருக்க வேண்டும். 1874 என்ற ஒரே ஆண்டில் அரசுச் செலவில் வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய 32,000 பேர். அந்தப் பத்தாண்டு முழுக்கச் சேர்த்தால் சுமார் 1 லட்சம்.

அந்த மூன்று மாதப் பயணத்தில் அம்மையும் விஷக்காய்ச்சலும் கப்பலுக்குள் புகுந்தால் முதலில் போவது குழந்தைகள். கரைக்கு வந்த பிறகும் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள். 1874 நவம்பரில் காஸ்பாட்ரிக் என்ற கப்பல் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே நடுக்கடலில் தீப்பிடித்தது. கப்பலில் 470 பேருக்கு மேல். பிழைத்தவர்கள் மூன்றே பேர், மூவரும் கப்பல் ஊழியர்கள். குடியேற வந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அப்படியும் அடுத்தடுத்த கப்பல்கள் நிரம்பித்தான் வந்தன.

பிரிட்டிஷ்காரர் மட்டும் போதாதென்று ஸ்காண்டிநேவியாவிலும் ஆள் பிடித்தார்கள். ஹாக்ஸ் பே பக்கம் மாவோரிக் குழுக்களிடமிருந்து 1871-இல் அரசு வாங்கிய பெருங்காட்டுக்குள் 1872-இல் நார்வேக்காரரையும் டேனியரையும் இறக்கினார்கள். காட்டை வெட்டு, சாலையைப் போடு, வெட்டிய இடத்தில் நிலத்தை எடுத்துக்கொள், தவணையில் கட்டு. நார்ஸ்வுட், டானவர்க் என்ற ஊர்ப் பெயர்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. மேற்குக் கரையில் ஜாக்சன் பே என்ற இடத்தில் 1875-இல் இதே மாதிரி இத்தாலியர், போலந்துக்காரர், ஜெர்மானியர் எல்லாரையும் இறக்கிப் பார்த்தது படுதோல்வி. ஓயாத மழை, கப்பல் வந்து நிற்க இறங்குதுறை கிடையாது, விளைந்ததை விற்கச் சந்தை கிடையாது. இறங்குதுறை கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டது.

யாருக்கு இலவச டிக்கெட் என்பதைப் பார்க்கும்போது யாருக்கு இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒட்டாகோவின் பழைய தங்க வயல்களில் மற்றவர்கள் விட்டுப்போன மண்ணைச் சலித்துக்கொண்டிருந்த சீனர்கள் தங்கள் காசில் வந்தவர்கள். 1860-களின் நடுவில் அவர்களை வாருங்கள் என்று அழைத்ததே டனிடன் வியாபாரிகள்தான். 1881-இல், ஒரு லட்சம் வெள்ளையருக்குக் கப்பல் கட்டணம் கொடுத்த அதே அரசு, வந்து இறங்கும் ஒவ்வொரு சீனரும் 10 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. 1896-இல் அது 100 பவுண்டானது. 2002-இல்தான் பிரதமர் ஹெலன் கிளார்க் மன்னிப்புக் கேட்டார்.

இனி, திட்டத்தின் அடியில் ஓடிய விஷயம். வோகலுக்கு ரயிலும் சாலையும் குடியேற்றமும் போருக்கு மாற்று. படை வைத்து வடக்குத் தீவைப் பிடிக்கப் போனால் செலவுக்கு முடிவே இல்லை. சாலை போட்டு, சாலையோரம் ஆளைக் குடிவைத்து, எண்ணிக்கையில் அமுக்கிவிட்டால் சண்டையே தேவையில்லை. இதை அவர் ஒளித்துப் பேசவும் இல்லை. 1870 சட்டத்திலேயே வடக்குத் தீவில் மாவோரி நிலம் வாங்க 2 லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. மாவோரி விவகார அமைச்சர் டொனால்ட் மக்லீன் சாலை வேலையை மாவோரிகளுக்கே கூலிக்குக் கொடுத்தார்: போருக்குப் பின் கையில் காசில்லாத குழுக்களுக்கு அது வருமானம், அரசுக்கு அது அமைதி, கூடவே அவர்கள் ஊருக்குள் போக ஒரு பாதை.

வாங்கியது என்று சொல்கிறோம், எப்படி வாங்கினார்கள்? 1865-இல் அமைத்த நில நீதிமன்றம், நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொதுவான குல நிலத்துக்குப் பத்துப் பேருக்கு மிகாமல் பட்டா எழுதியது. அந்தப் பத்துப் பேர் சட்டப்படி தனி உடைமையாளர்கள், விற்கலாம், அடகு வைக்கலாம். அளவைக் கட்டணம், கோர்ட் கட்டணம், கேஸ் நடக்கும் ஊரில் மாதக்கணக்கில் தங்கும் செலவு, கடைக்காரனிடம் ஏறும் கடன். கடைசியில் நிலத்தை விற்றுத்தான் நிலத்தின் கேஸ் செலவைக் கட்ட வேண்டும். கூட்டுப்பட்டாவில் பங்காளிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்துக் கையெழுத்து வாங்குகிற வித்தை நம் ஊருக்கும் புதிதில்லை.

எங்கே விற்கவில்லையோ, எங்கே போர்க்காலத்தில் வெறுமனே பறிமுதல் என்று காகிதத்தில் எழுதப்பட்டிருந்ததோ, அங்கே சாலை முதலில் போனது. வடக்குத் தீவின் தாரனாக்கி பகுதியில் பாரிஹாகா என்ற ஊரில் தே விட்டி, தோஹு என்ற இரு தலைவர்கள் ஆயுதம் எடுக்காமல் எதிர்த்தார்கள். 1879-இல் அவர்கள் ஆட்கள் வெள்ளையர் வயல்களில் போய் ஏர் ஓட்டினார்கள். சாலைக்காரர்கள் அவர்கள் பயிருக்குள் புகுந்து வேலியை உடைத்தபோது, 1880-இல், உடைத்த இடத்தில் திரும்பத் திரும்ப வேலி கட்டினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் விசாரணையே இல்லாமல் தெற்குத் தீவுச் சிறைகளுக்குப் போனார்கள். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 ஆயுதப் படையினர் ஊருக்குள் நுழைந்தபோது வழியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகள். 1870-களின் தொடக்கத்தில் மாவோரிகள் 50,000-க்கும் சற்றுக் குறைவு. 1881-இல் சுமார் 44,000. அதே பத்து வருஷத்தில் வெள்ளையர் எண்ணிக்கை 2,56,000-லிருந்து 4,90,000 ஆனது.

கடன் என்ன ஆனது? ஒரு கோடி என்று தொடங்கியது இரண்டு கோடி பவுண்டானது. கடன் பணம் கூலியாக இறங்கிக்கொண்டிருந்த வரை எல்லாருக்கும் வேலை இருந்தது, நிலம் ஏறிக்கொண்டே இருந்தது, ஏறுகிறதே என்று வங்கிக் கடனில் வாங்கினார்கள், வாங்குவதால் இன்னும் ஏறியது. நடுவில் வோகல் பழைய தகராறைத் தீர்த்துக்கொண்டார்: 1874-இல் காடுகளை அரசு காப்பாக ஒதுக்கும் மசோதாவை மாகாணக்காரர்கள் எதிர்த்ததும், மாகாணங்களையே ஒழிக்கும் வேலையில் இறங்கினார், 1876-இல் அவை இல்லாமல் போயின. ஆனால் அதற்குள் நல்ல நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. 1878 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி முறிந்ததும் லண்டனில் கடன் இறுகியது, அடுத்த வருஷம் நியூசிலாந்தில் நில விலை சரிந்தது. 1880-இல் அரசு ஊழியர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டு. காசு கொடுத்து வரவழைத்த ஆட்களில் பலர் தங்கள் காசில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். 1888-இல் வந்தவர்களை விடப் போனவர்கள் அதிகம். மறுபடி ஒரு முறை நிதியமைச்சராக இருந்து பார்த்துத் தோற்ற வோகலும் அதே 1888-இல்தான் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1899-இல் அங்கேயே இறந்தார், கடைசி வருஷங்களில் கையில் பணமில்லை.

இதோடு நிறுத்தினால் இது ஒரு வீண் கடனின் கதை, அன்று பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 1882 பிப்ரவரி 15 அன்று டனிடன் அருகில் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்க்கப்பல் உறைய வைத்த ஆட்டிறைச்சியோடு லண்டன் கிளம்பியது, இறைச்சி கெடாமல் போய்ச் சேர்ந்தது. கம்பளிக்கு மட்டும் வளர்த்த ஆட்டை அதற்குப் பிறகு இறைச்சிக்கும் வளர்க்கலாம், வெண்ணெயையும் அனுப்பலாம், சின்ன விவசாயியும் பிழைக்கலாம். அந்த ஆடுகளை வெட்டியது ஓமாரு அருகே டொடாரா என்ற பண்ணையில். பண்ணைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல். இறைச்சி துறைமுகத்துக்குப் போனது நான்கு வருஷத்துக்கு முன் கடனில் போட்ட அந்த மூன்றரை அடிப் பாதையில்தான்.